காரணம் எழுத வேண்டிய கட்டம்

பிப்ரவரி 3, திங்கள்

எங்கள் பத்திரிகையின் எல்லாப் பதிப்புகளிலும் உள்ள பழைய கம்ப்யூட்டர்கள் மார்ச் 31-ஆம் தேதிக்குள் மாற்றப்படும். ஆதாரம்: மதுரை தலைமை அலுவலக நிர்வாக மேலாளரின் சுற்றறிக்கை. காலை 10.40-க்கு வந்தது. திருநெல்வேலி அலுவலகத்தில் நிருபர்கள் நான்கு பேர். மேக் அல்லது விண்டோஸ், ஏதாவது ஒன்றை ஒவ்வொருவரும் படிவத்தில் குறித்துக் கொடுக்க வேண்டும். கீழே ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. கடைசி நாள் பிப்ரவரி 28. குறித்துவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மாற்றித் தரமாட்டார்கள்.

நான் ஓய்வுபெறப் பதினாறு மாதம் இருக்கிறது. எனக்கும் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் ஜெபசிங் கேட்டார்: “கோமதி அண்ணாச்சி, நீங்க எதுல டிக் அடிக்கப் போறிய?”

“ரெண்டையும் பாத்துட்டுத்தான்வே சொல்லுவேன். பாக்காம ஒரு வரி எழுதுனது கிடையாது.”

“கம்ப்யூட்டர்ட்டயும் பேட்டி எடுப்பியளோ?”

மேக் ஒரு வாரம், புதிய விண்டோஸ் ஒரு வாரம் என் மேசையில் வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 5, புதன்

இந்த ஆண்டு டைரியில் கோடுகள் நேராக இல்லை. பக்கத்தின் நடுவே வளைகின்றன. மருந்துக் கடையில் இலவசமாகக் கொடுத்தது. அச்சு மட்டம். மனைவி ஆவுடையிடம் காட்டினேன். டைரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஆமாங்க” என்றாள். சொல்லச் சற்று நேரமாயிற்று.

பொங்கலிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. காலையில் பேப்பரை உரக்க வாசிக்கிறாள். நான் தடுப்பதில்லை. காப்பியில் சர்க்கரை அறவே நின்றது.

பிப்ரவரி 8, சனி

காலை 6.20-க்குக் கயத்தாறு அருகே நான்குவழிச் சாலையில் வேன் கவிழ்ந்தது. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குக் கல்யாணச் சமையலுக்கு வந்த பன்னிரண்டு பேர். இறந்தவர்கள் மூவர், காயம் ஒன்பது. ஆதாரம்: காவல் ஆய்வாளர், பிறகு ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியல்.

மற்ற பத்திரிகைக்காரர்கள் பட்டியலைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் குறிப்பேட்டில் கையால் எழுதிக்கொண்டேன். நிருபரானதிலிருந்து அப்படித்தான். எழுதினால்தான் பெயர் மனதில் நிற்கும். 11.05-க்கு அலுவலகம். 11.25-க்கு இணையப் பதிப்பில் வந்துவிட்டது.

பின்குறிப்பு: இரண்டு பெயர்கள் இடம் மாறியிருந்தன. 3.30-க்குத் திருத்தினார்கள். அச்சில் சரியாக வரும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

விடுமுறை. நான்கு சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஆவுடை பேப்பர் வாசித்தாள். விபத்துச் செய்தியை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 10, திங்கள்

செய்தி ஆசிரியர் இளவழகன் மதுரையிலிருந்து பேசினார்.

“கோமதிநாயகம் சார், உங்க செய்தியில பேர் தப்பு வந்து நான் பாத்ததே இல்ல. என்ன ஆச்சு?”

“மானிட்டர் மங்கிப்போச்சு சார். வரி ஒண்ணோட ஒண்ணு கலங்கித் தெரியுது. பத்து வருஷத்து மெஷின்.”

“அப்ப அதைக் காரணத்துல எழுதிடுங்க. உங்களுக்கு முதல்ல மாத்தித் தரச் சொல்றேன்.”

ஜெபசிங் வந்து மானிட்டரை ஒரு துணியால் துடைத்தார். தள்ளி நின்று பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார். “நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி” என்றார். பிறகு, “பழசுதான், மாத்திருவோம்” என்றார்.

மதியம் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். பெயர் பொன்னுப்பாண்டி, விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம் ஊர். விபத்தில் சிக்கிய வேல்ராஜின் தகப்பனார். இறந்தவர்கள் பட்டியலில் நாங்கள் போட்ட பெயர் வேல்ராஜ். அவன் உயிரோடு இருக்கிறான், காலில் முறிவு. அவர் பத்து நிமிடம் பேசினார். டீ வரவழைத்தேன். குடிக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

மேக் வந்தது. மெல்லியது, சத்தமில்லை. பேட்டரி காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை நின்றது, இன்னும் மீதி இருந்தது. திரை பளிச்சென்று இருக்கிறது. விண்டோஸில் சுண்டுவிரல் போகும் கன்ட்ரோல் விசைக்கு இதில் வேலை குறைவு. நகலெடுக்க, ஒட்ட எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் பக்கத்தில் வேறொரு விசை. சுண்டுவிரல் இன்று நாற்பது தடவையாவது தப்பான இடத்துக்குப் போயிருக்கும்.

நான் தட்டச்சு இன்ஸ்டிடியூட்டில் படித்தவன். அந்தப் பழைய விசை வரிசை இதிலும் வரும்படி ஜெபசிங் எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினார். இரண்டு எழுத்துகள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. குனிந்து தேட வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

ஜெபசிங் கேட்காமலே எழுத்தைப் பெரிதாக்கிவிட்டார். ஒரு திரைக்கு ஒன்பது வரி.

“எனக்கு எதுக்குவே இது? சின்னப் பிள்ளையளுக்கு அரிச்சுவடி மாதிரி?”

“இப்ப எல்லாரும் இப்படித்தான் வச்சிருக்காவ அண்ணாச்சி. கழுத்து வலிக்காது.”

மற்ற மூவரின் மேசைகளையும் போய்ப் பார்த்தேன். யாரும் அப்படி வைத்திருக்கவில்லை. அவரிடம் கேட்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

மேக் வாசித்துக் காட்டும் என்று ஜெபசிங் சொன்னார். நான் எழுதிய நான்கு பத்தியை வாசிக்க வைத்தார். பெண் குரல். ஆட்சியர் அலுவலகத்தை, தாமிரபரணியை, மேலப்பாளையத்தை எல்லாம் தெளிவாகச் சொன்னது.

1994-இல் நான் சேர்ந்தது நிருபராக அல்ல. மெய்ப்புத் திருத்தும் பிரிவில் மூலத்தைப் பிடித்து வாசிக்கிறவனாக. நான் உரக்க வாசிப்பேன். எதிரே திருத்துநர் அச்சுத் தாளைப் பார்த்துக்கொண்டு வருவார். ‘கமா’, ‘புள்ளி’, ‘புதுப் பத்தி’ என்று எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வந்தால் எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டு அந்த வேலை.

“பேரை எழுத்தெழுத்தா சொல்லுமா?”

“சொல்லும். அம்புக்குறியத் தட்டுங்க, ஒவ்வொண்ணா வரும். கமாவும் சொல்லச் சொல்லலாம்.”

“விண்டோஸும் சொல்லுமா?”

“அதுவும் சொல்லும். குரல் கொஞ்சம் தகரம் மாதிரி இருக்கும், வேகமாப் போகும். ரெண்டுமே நம்ம வேலைக்கு ஆகும் அண்ணாச்சி. ஒங்களுக்கு எது கைக்கு வருதுன்னு மட்டும் பாருங்க.”

கண்ணுக்கு என்று சொல்லாமல் கைக்கு என்று சொன்னார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பாளையங்கோட்டையில் சொந்த வேலை. அரை நாள் விடுப்பு. ஆவுடையும் வந்தாள்.

பிப்ரவரி 19, புதன்

எழுதவில்லை. வெளிச்சம் கூசுகிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

புதிய விண்டோஸ் நேற்று முதல் மேசையில் இருக்கிறது. மேக்கைவிடச் சற்றுக் கனம். மதியத்துக்கு மேல் விசிறி ஓடும் சத்தம் கேட்டது. சார்ஜரைப் பையில் கொண்டுபோக வேண்டும். ஆனால் கையை வைத்ததும் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. ஒரு பரிசோதனை செய்தேன்: திரையை அணைத்துவிட்டு நூற்றிருபது சொற்கள் அடித்தேன். பிறகு வாசிக்க வைத்தேன். ஒரு பிழை.

மேக்கில் இதையே செய்தபோது பதினொரு பிழை.

ஜெபசிங் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். “திரைய அணைச்சுட்டு எதுக்கு அண்ணாச்சி அடிச்சுப் பாத்திய?”

“சும்மாத்தான்.”

பிப்ரவரி 22, சனி

2014 வரை எங்கள் பத்திரிகை தனக்கென்று செய்துகொண்ட எழுத்துருவில்தான் எழுதினோம். அந்த எழுத்துரு இருக்கும் மெஷினில் திறந்தால் தமிழ். கண்ணுக்கு மட்டும்தான் தமிழ், கம்ப்யூட்டருக்கு அது ஆங்கிலக் குறிகளின் வரிசை. அந்தக் காலத்து என் செய்திகள் 2,140 கோப்புகளாக இருக்கின்றன.

களக்காட்டு மலையில் ஆறு பிள்ளைகளுக்காக நடந்த ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி 2001-இல் எழுதினேன். அதைத் திறந்து வாசிக்க வைத்தேன். “எஃப், செமிகோலன், என், ஸ்லாஷ், க்யூ” என்று போய்க்கொண்டே இருந்தது. நான்கு நிமிடம் கேட்டேன். மேக்கிலும் இதுதான் வரும் என்றார் ஜெபசிங். மாற்றும் மென்பொருளில் போட்டுப் பார்த்தார். எங்கள் எழுத்துரு அதன் கணக்கில் இல்லை. கொம்பும் காலும் வேறு வேறு எழுத்துகளில் போய் ஒட்டிக்கொண்டு வந்தன.

“இதுக்கு வழி இல்லியா?”

“யாராவது பாத்து வாசிச்சாத்தான் உண்டு அண்ணாச்சி” என்றார். சொல்லிவிட்டுக் கேபிளைச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றியதைப் பிரித்து மறுபடியும் சுற்றினார்.

பிப்ரவரி 24, திங்கள்

படிவம் கொடுக்க நான்கு நாள் இருக்கிறது. இரண்டு இயந்திரத்தையும் பார்த்தாகிவிட்டது. காரணத்தை எழுதும் முன் 8-ஆம் தேதி நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். இந்த டைரியில் அதை நான் ஒழுங்காக எழுதவில்லை.

அன்று மாலை குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். தவறு குறிப்பேட்டிலேயே இருந்தது. பட்டியலில் இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் நிலைமை. ஏழாவது பெயருக்கு எட்டாவது வரியின் நிலைமையையும், எட்டாவதற்கு ஏழாவதையும் எழுதியிருக்கிறேன். மானிட்டருக்கு இதில் சம்பந்தமே இல்லை. தெரிந்துதான் 10-ஆம் தேதி இளவழகனிடம் அப்படிச் சொன்னேன்.

பொன்னுப்பாண்டி பேசிய பத்து நிமிடத்தையும் எழுதவில்லை. அவர் சொன்னது இது:

“யாரு எழுதுனதுன்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தேன் அய்யா. சண்டைக்கு வரல. பக்கத்து வீட்டுப் பையன் செல்லுல காட்டுனான். வேல்ராஜ், வயசு இருவத்திமூணு, ஊரும் சரியாப் போட்டிருந்துச்சு. பஸ்ஸு ஏறிட்டேன். நாலு மணி நேரம் புள்ள இல்லாதவனா வந்தேன். கண்டக்டரு டிக்கெட் கேக்காரு, எனக்கு ஊரு பேரு வரல. நேரா பொணக் கொட்டகைக்குத்தான் போனேன். அந்தப் பேருல இங்க யாரும் இல்ல, வார்டுல போயிப் பாருன்னுட்டாங்க. போயிப் பாத்தா கால்ல கட்டுப் போட்டு ரொட்டி தின்னுக்கிட்டு இருக்கான்.”

நான் மன்னிப்புக் கேட்டேன்.

“அத விடுங்க. எனக்குப் புள்ள கெடச்சுட்டான். அந்த வார்டுல ஒரு அம்மா நின்னாங்க. கையில பிளாஸ்க்கு, ஒரு பையில மாத்துத் துணி. ஆல்பர்ட் எந்தக் கட்டில்ல இருக்கான், கால்தான் ஒடஞ்சிருக்காம்னு ஒவ்வொரு கட்டிலாக் கேட்டுக்கிட்டே வாராங்க. நர்சம்மா என்னைப் பாக்காங்க, நான் நர்சம்மாவப் பாக்கேன். நான் கொட்டகையில ஏற்கெனவே அந்தப் பேரைக் கேட்டுட்டு வந்தவன். யாரு சொல்ல? நாந்தான் அந்தம்மாவக் கூட்டிட்டுப் போனேன். பின்னாடி இருக்கிற கட்டடத்துக்கு.”

ஏழாவது பெயர் வேல்ராஜ். எட்டாவது ஆல்பர்ட். இறந்தவன் ஒருவன், ‘கால் முறிவு’ என்று என் செய்தியில் நான்கு மணி நேரம் உயிரோடு இருந்தான். அந்த வீட்டிலிருந்து யாரும் அலுவலகத்துக்கு வரவில்லை.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. ஆவுடை கோயிலுக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“ஒங்களத் தனியா விட்டுட்டா? அன்னைக்குப் பால்னு நெனச்சு மோரை அடுப்புல வச்சிய.”

“ரெண்டும் வெள்ளைதான?”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “டைரிக் கோடு நேராத்தாங்க இருக்கு. அன்னைக்குச் சொல்ல மனசு வரல” என்றாள்.

“தெரியும் ஆவுடை.”

“எப்பத் தெரியும்?”

“நீ ஆமான்னு சொன்னப்பவே.”

சர்க்கரையால் இரண்டு விழித்திரையும் கெட்டிருக்கின்றன. இடக்கண் முதலில், இப்போது வலக்கண். 18-ஆம் தேதி போட்டது வலக்கண்ணில் இரண்டாவது ஊசி. டிசம்பரிலிருந்து தெரியும். எழுதினால் உறுதியாகிவிடும் என்று எழுதவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

படிவத்தை ஜெபசிங் நிரப்பினார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். விண்டோஸ் கட்டத்தில் டிக். காரணம்: “பார்வை குறைந்துவருகிறது. இந்த விசைப்பலகை என் விரல்களுக்குத் தெரியும். புதிதாக ஒன்றைப் பழகக் கண் வேண்டும். இருப்பதை அதற்குச் செலவழிக்க முடியாது. பிப்ரவரி 8 செய்தியில் பெயர்கள் மாறியதற்குப் பழைய மானிட்டர் காரணமல்ல. பட்டியலை நான் தவறாகப் பார்த்தேன்.”

பாதியில் பேனாவை வைத்துவிட்டார். “அண்ணாச்சி, இத எழுத வேண்டாம். கை பழகிட்டு, அதனால விண்டோஸ்னு மட்டும் போடுவோம். அதுவும் உண்மைதான? இது மதுரைக்குப் போச்சுன்னா ஒங்கள வெளிய அனுப்ப மாட்டாவ. பதினாறு மாசமும் உள்ள உக்காத்தி வச்சிருவாவ. இல்லாட்டி இப்பவே கணக்கை முடிச்சுக்கிடுங்கம்பாவ.”

“தெரியும்வே.”

“நான் கூட வாரேன். பட்டியல் கிட்டியல் வந்தா நான் வாசிச்சுச் சொல்லுதேன். யாருக்குத் தெரியப் போவுது?”

இந்த ஒரு மாதமாக அவர் அதைத்தான் செய்துவந்தார் என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. “நீரு எழுதும், நான் கையெழுத்துப் போடுதேன்” என்றேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் விரலை எடுத்து வைத்தார்.

பிப்ரவரி 28, வெள்ளி

மாலை 4.15-க்கு இளவழகன்.

“மானிட்டர்னு ஏன் சார் சொன்னீங்க?”

“கண்ணுன்னு சொன்னா அனுப்ப மாட்டீங்க.”

“இப்ப மட்டும் எப்படி அனுப்புறது?”

மருத்துவச் சான்றிதழ் கேட்டிருக்கிறார். ஆசிரியர் குழு பேசி முடிவெடுக்கும். அதுவரை சம்பவ இடங்களுக்குப் போக வேண்டாம், அலுவலகத்தில் இருந்து எழுதலாம்.

மார்ச் 2, ஞாயிறு

ஆவுடையும் நானும் கோவில்பட்டி போனோம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஆல்பர்ட்டின் தாயார் மரியபுஷ்பம். ஓட்டு வீடு, வாசலில் நாற்காலி போட்டார். நான்தான் அந்தச் செய்தியை எழுதியவன், பட்டியலைத் தவறாகப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. அங்கே போய் அதைச் சொல்வது இரக்கம் கேட்பது போலிருக்கும்.

அவர் சொன்னார்:

“போலீஸு போன் பண்ணி வேன் கவுந்துட்டு, வாங்கன்னு மட்டும்தான் சொன்னாங்க. எம்மக செல்லப் பாத்து, அம்மா கால்தான் ஒடஞ்சிருக்காம், நியூஸுல போட்டுட்டாங்கன்னா. ஆசுவாசமா கஞ்சி காச்சினேன். ஆறப்போட்டு ஊத்துனேன். பஸ்ஸுல வாரப்ப நெனச்சுக்கிட்டே வந்தேன், கால்தான, மூணு மாசம் வீட்டுல கெடப்பான், என் கண்ணு முன்னாடியே இருப்பான்னு. அவன் என்கூட மூணு மாசம் சேந்தாப்புல இருந்தே பல வருசம் ஆச்சு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ரெண்டு மணி நேரம் சந்தோசமா வந்தேன்யா. அதுக்கு ஒங்களத் திட்டணுமா என்னன்னு எனக்குத் தெரியல.”

அவருடைய முகம் எனக்குத் தெரியவில்லை. முகம் இருக்கும் இடத்தில் ஒரு சாம்பல் நிறம், அதைச் சுற்றிச் சேலையும் கதவும் ஓடும் தெளிவாக. திட்டுகிற முகமா, அழுகிற முகமா என்று வரும் வழியில் ஆவுடையைக் கேட்டேன்.

“ரெண்டும் இல்லீங்க” என்றாள்.

மார்ச் 6, வியாழன்

உறுதியானவை:

புதிய விண்டோஸ் இன்று காலை என் பெயருக்குப் பதிவாகி மேசைக்கு வந்தது. ஆதாரம்: ஜெபசிங். எங்கள் அலுவலகத்தில் மேக் கேட்டவர்கள் மூவர், விண்டோஸ் நான் ஒருவன்.

இடக்கண்ணில் போன பார்வை திரும்பாது. ஆதாரம்: டாக்டர், நேற்று. இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் அதையே சொன்னார். ஆவுடையும் உடன் இருந்தாள்.

இன்று ஒரு செய்தி எழுதினேன். மாநகராட்சிக் குடிநீர்க் குழாய் வேலை, நான்கு பத்தி. அதிகாரிகளிடம் போனில் பேசினேன். அதில் வரும் ஐந்து பெயரையும் எழுத்தெழுத்தாகக் கேட்டு அடித்தேன். பிறகு இயந்திரம் எழுத்தெழுத்தாகச் சொல்லக் கேட்டுச் சரிபார்த்தேன். ஐந்தும் சரி. இருபது நிமிடத்தில் முடியும் வேலைக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று.

உறுதியாகாதவை:

நிருபராகத் தொடரலாமா என்பது. ஆசிரியர் குழு 10-ஆம் தேதி, திங்கள், பகல் பதினொன்றுக்குக் கூடுகிறது. அன்று மாலைக்குள் சொல்வதாக இளவழகன் சொல்லியிருக்கிறார்.

வலக்கண். மூன்றாவது ஊசி 18-ஆம் தேதி. நிற்குமா, இதுவும் போகுமா என்பது அதற்குப் பிறகு எடுக்கும் படத்தில்தான் தெரியும். ஏப்ரல் 3, வியாழன், காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.